அயனி மரத்தின் மேற்குப் பக்கம்

பூ வந்தால் கிள்ளி எறிகிற ஒரு பெண்ணைப் பதினோரு வருடம் பக்கத்து வீட்டில் வைத்துப் பார்த்தவள் நான். கோலியஸ் செடியின் நுனியில் ஊதா நிறத்தில் சின்னதாக ஒரு கதிர் கிளம்பும். நாளைக்கு விரிந்துவிடும் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். அவள் நைட்டிக்கு மேல் ஒரு துவர்த்துத் துண்டைப் போட்டுக்கொண்டு வருவாள். கட்டைவிரல் நகத்தால் ஒரு கிள்ளு. எறிந்துவிட்டு அடுத்த செடிக்குப் போய்விடுவாள். நானோ ரோஜாவுக்கு முட்டை ஓடும் தேயிலைச் சக்கையும் போட்டு, ஒரு மொட்டு வந்தால் தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டுகிறவள். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

ஒரு நாள் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்துக் கேட்டே விட்டேன், பூவை ஏன் இப்படிப் பாழாக்குகிறாய் என்று. பூ வந்தால் செடிக்கு இலை மேல் இருக்கிற கவனம் போய்விடுமாம். நிறம் வெளிறிப்போகுமாம். எனக்கு இலைதான் வேண்டும் டீச்சர் என்றாள். ஏதோ பூ வேண்டும் என்கிறவர்கள் எல்லாம் பேராசைக்காரர்கள் மாதிரி.

அவள் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால், பெயரும் நன்றாகத்தான் இருக்கிறது என்று நாலு பேர் சொல்வார்கள். அது ஒன்றுதான் குறைச்சல். மேற்கு வீட்டுக்காரி, அவ்வளவு போதும். தக்கலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் கணக்கு எடுத்தவள் நான் என்பதால் ஊரே என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடும். அவளும் அப்படியே.

இடத்தைச் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் புரியும். எங்கள் வீட்டுக்குத் தெற்கே ரோடு. மேற்கே மதில். மதிலுக்கு இந்தப் பக்கம், எங்கள் மண்ணில், என் மாமனார் வைத்த ஒரு அயனி மரம். பலா வகைதான். உள்ளங்கையில் அடங்குகிற முள்ளுப் பழம் பழுக்கும், பிள்ளைகள் சண்டை போட்டுத் தின்பார்கள். மரம் நின்றது எங்கள் மண்ணில். ஆனால் காலை வெயில் கிழக்கேயிருந்து வருகிறதா, மத்தியானம் வரைக்கும் அதன் நிழல் முழுக்க மதிலைத் தாண்டி அவள் முற்றத்தில் போய் விழும். மத்தியானத்துக்கு மேல் அவள் வீடே அவள் முற்றத்துக்கு நிழல் கொடுத்துவிடும். ஆக நாள் முழுக்க அவளுக்குக் குளிர்ச்சி. எங்களுக்கு என்ன? இலை உதிர்வது பூராவும் எங்கள் பக்கம். காற்று அப்படி. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை தூத்து வார வேண்டும். சருகு எனக்கு, நிழல் அவளுக்கு.

மஸ்கட்டில் ஒரு வீட்டில் பதினாலு வருடம் சமையல் வேலை பார்த்துவிட்டு வந்து அந்த வீட்டை வாங்கினாள். வந்த புதிதில் நாலு மாதம் ஒரு செடிகூட வைக்கவில்லை. ஒரு நீலப் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு முற்றத்தில் உட்கார்ந்திருப்பாள். கொஞ்ச நேரம் கழித்து நாற்காலியை நகர்த்துவாள். மறுபடி உட்காருவாள். நிழல் முடிகிற இடத்தில் ஒரு கல் வைப்பாள். எட்டு மணிக்கு ஒரு கல், பத்து மணிக்கு ஒரு கல், பன்னிரண்டுக்கு ஒரு கல். முற்றம் பூராவும் கல். பில்லி சூனியம் ஏதும் செய்கிறாளோ என்று நான் நினைத்தேன். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். இவர் போக்குவரத்துக் கழகத்தில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் நேராகத்தான் பார்ப்பார். நிழலைப் பார்க்கிறாள், வேறொன்றும் இல்லை என்றார்.

பிறகு அவளே ஒரு நாள் சொன்னாள். மஸ்கட்டில் ஆஸ்பத்திரிக்கோ கோயிலுக்கோ போக வண்டிக்குக் காத்து நிற்கிற இடத்தில் ஒரு மரம் கிடையாதாம். ஒரே ஒரு விளக்குக் கம்பம். அதன் நிழல் ஒரு முழம் அகலம் இருக்கும். ஏழெட்டுப் பேர் ஒருவர் பின்னால் ஒருவராக அந்த நிழலுக்குள் வரிசையாக நிற்பார்களாம். நிழல் நகர நகர வரிசையும் நகருமாம். அங்கே கற்றுக்கொண்டதாம், நிழல் ஓரிடத்தில் நிற்காது என்று. சொல்லிவிட்டுச் சிரித்தாள். கேட்டபோது எனக்குப் பாவமாக இருந்தது. அந்தப் பாவம் ஒரு மழைக்காலம்கூட நிலைக்கவில்லை.

ஜூன் மழையில் செடி வைக்க ஆரம்பித்தாள். கடைக்குப் போய் அழகாக இருப்பதை வாங்கி வந்து, பிறகு எங்கே வைக்கலாம் என்று முழிப்பதுதானே நம் வழக்கம். அவளுக்கு எல்லாம் தலைகீழ். முதலில் மூலை. அந்த மூலைக்கு எவ்வளவு வெளிச்சம், எத்தனை மணி நேரம். அதற்குப் பிறகுதான் செடி. ரொம்ப இருட்டான மதிலடியில் வெள்ளை இலையில் பச்சை நரம்போடுகிற கலர்ச் சேம்பு. இருட்டில் சிவப்பு வைத்தால் கறுப்பாகத்தான் தெரியுமாம், வெள்ளைதான் எடுத்துக் காட்டுமாம். அதற்கு முன்னால் ரோஜா நிறக் கரை வைத்த அக்லோனிமா. இலைகளுக்கு நடுவே ஒழுகி வெயில் பொட்டுப் பொட்டாக விழுகிற இடத்தில் சிவப்புக் கோலியஸ். ஒரு மணி நேரம் நேர்வெயில் வருகிற விளிம்பில் குரோட்டன். நிழலுக்குள் வைத்தால் குரோட்டன் மஞ்சளையும் சிவப்பையும் விட்டுவிட்டு வெறும் பச்சையாகிவிடும் என்பாள். இரண்டே வருடம். பூ ஒன்றுகூட இல்லாத ஒரு முற்றம் இப்படி எரியும் என்று நான் நினைக்கவே இல்லை. மாடியில் துணி காயப்போடப் போனால் துணியைப் பார்க்காமல் அதைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பேன். நின்றுவிட்டு என் மேலேயே எனக்கு ஆத்திரம் வரும்.

அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. கேட்டால் கொடுப்பாள், ஆனால் வைக்கப்போகிற இடத்தைப் பார்க்காமல் ஒரு கம்புகூடக் கொடுக்க மாட்டாள். பெண் கொடுக்கிற வீட்டைப் பார்க்க வருகிற மாதிரி வருவாள். நான் மானத்தை விட்டு ஒரு தடவை சிவப்புச் சேம்பு ஒன்று கேட்டேன். வந்தாள். வாசல்படிக்குப் பக்கத்தில், கேட்டைத் திறந்ததும் கண்ணில் படுகிற இடத்தைக் காட்டினேன். நிமிர்ந்து வெயில் வருகிற திசையைப் பார்த்தாள்.

"டீச்சர் ஆளு பாக்கதுக்கு எடம் பாத்து வச்சிருக்கிய. செடிக்கு இது எடமில்ல" என்றாள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. வீட்டைச் சுற்றி நடந்தாள். வடக்குப் பக்கம் எங்கள் சுவருக்கும் வடக்கு வீட்டு மாடிச் சுவருக்கும் நடுவே ஒரு சந்து உண்டு. உடைந்த கக்கூஸ் பீங்கான், தேங்காய் மட்டை, துருப்பிடித்த சைக்கிள், பெயின்ட் வாளி எல்லாம் கிடக்கிற இடம். குப்பைக் குழியும் அங்கேதான். அங்கே போய் நின்று, தெருவிலேயே இதுதான் நல்ல இடம் என்றாள். என் வீட்டில் அவளுக்குப் பிடித்தது கக்கூஸ் பீங்கான் கிடக்கிற இடமா?

கிழங்கைக் கொடுத்தாள், சந்தில் வைக்கச் சொல்லி. நான் வாசல்படியில்தான் வைத்தேன். விரிந்த இலை எல்லாம் ஓரம் கருகியது. தை மாதம் வந்ததும் ஒவ்வொன்றாகச் சாய்ந்து, கடைசியில் தொட்டியில் வெறும் மண். பார்த்தீர்களா, அழுகிய கிழங்கைத் தந்துவிட்டாள் என்று இவரிடம் ஒரு மூச்சுப் பேசிவிட்டு, தொட்டி மண்ணை அப்படியே சந்துக் குழியில் கொட்டினேன். அந்தச் சேம்பு வருடத்தில் நாலைந்து மாதம் மண்ணுக்குள் தூங்கும் என்பது எனக்கு எங்கே தெரியும்? ஜூன் மழை பெய்து பத்தாம் நாள் குப்பையிலிருந்து கிளம்பியது பாருங்கள், அரிசி புடைக்கிற சுளவு அகலத்துக்கு இலை. அவள் முற்றத்திலேகூட அப்படி ஒன்று வந்ததில்லை. மறைக்கலாம் என்று பார்த்தேன். அதற்குள் மீன்காரர் வந்த நேரம் அவளும் வந்து சந்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டாள்.

"அது அதுக்க எடத்துக்குப் போய்ட்டு டீச்சர்."

குத்திச் சொன்னாளா, சந்தோஷத்தில் சொன்னாளா, இன்றுவரை தெரியாது. நான் குத்து என்றே வைத்துக்கொண்டேன்.

இதெல்லாம் பொறுத்தேன். பொறுக்க முடியாமல் போனது கோயில் விஷயத்தில். எங்கள் சபையில் சனிக்கிழமை சாயங்காலம் பீடத்துக்குப் பூ வைப்பது இருபது வருடமாக நான். யாரும் எனக்கு அந்தப் பதவியைக் கொடுக்கவில்லை, யாரும் பறிக்கவும் இல்லை. ஒரு ஈஸ்டருக்கு முந்தின வாரம் எனக்கு முட்டுவலி. போதகர் வீட்டம்மா அவளிடம் கேட்டிருக்கிறார். அவள் அக்லோனிமா இலையும் குரோட்டன் இலையும் அறுத்து இரண்டு குடத்தில் வைத்திருக்கிறாள், நடுவில் ஒரே ஒரு வெள்ளைத் துணி. ஞாயிற்றுக்கிழமை போதகர் பிரசங்கத்துக்கு முன்னால் அதைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார். பூ ஆராதனை முடியுமுன் வாடிவிடுகிறது, இலை அடுத்த ஞாயிறு வரைக்கும் நிற்கிறது என்றார். எனக்கு முன் பெஞ்சில் இருந்த நாலு தலைகள் அவளைத் திரும்பிப் பார்த்தன. அடுத்த வாரம் முட்டு சரியாகி நான் ரோஜாவும் பிச்சியுமாகப் போய் நின்றபோது, குடங்களில் போன வார இலை அப்படியே இருந்தது. எடுத்து எறிய மனம் வரவில்லை டீச்சர் என்றார் போதகர் வீட்டம்மா. என் பூவை ஜன்னல் படியில் வைக்கச் சொன்னார்.

ஜன்னல் படியில்!

அன்றைக்கு நேராக வீட்டுக்கு வந்தேன். வந்ததும் அந்த மரத்தைப் பார்த்தேன். அவள் கையில் என்ன இருக்கிறது? நாற்காலியும் நாலு கல்லும். எல்லாம் என் மரத்து நிழல் அல்லவா? அடுத்த காற்று மழையில் அயனியின் ஒரு கொம்பு முறிந்து எங்கள் முற்றத்தில் விழுந்தது. கையளவுக் கொம்புதான். எனக்கு அது போதும். மரம் சாய்ந்து கரன்ட் கம்பியில் விழுந்தால் தெரு முழுக்கத் தீப்பிடிக்கும், வெட்டியே ஆக வேண்டும் என்று இவரிடமும் தெருவில் போகிறவர்களிடமும் சொல்ல ஆரம்பித்தேன்.

இவர் கம்பியைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எங்க அப்பன் வச்ச மரமாக்கும். அது ஒனக்கு என்னட்டி செஞ்சுது?"

ஒரு வாரம் சோற்றைப் பரிமாறி வைத்துவிட்டு எழுந்து போய்க்கொண்டிருந்தேன். எட்டாம் நாள் மரம் வெட்டுகிறவர்கள் மெஷின் வாளோடு வந்தார்கள்.

சத்தம் கேட்டு அவள் வெளியே வந்தாள். நீல நாற்காலியை எடுத்துப் போட்டாள். சண்டைக்கு வருவாள் என்று நான் அடுக்களை ஜன்னலுக்குப் பின்னால் தயாராக நின்றேன், என்னென்ன சொல்ல வேண்டும் என்று வரிசையாக வைத்திருந்தேன். அவள் வெட்டுகிறவரிடம் எத்தனை மணிக்கு முடியும் என்று மட்டும் கேட்டாள். மத்தியானத்துக்குள் என்றார். எழுந்தாள். தொட்டிகளை இரண்டிரண்டாகத் தூக்கி வீட்டுக்குள் கொண்டுபோக ஆரம்பித்தாள். நாற்பது தொட்டிக்கு மேல் இருக்கும். கொஞ்ச நேரத்தில் பார்க்கிறேன், என் வீட்டுக்காரர் அங்கே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டி சுமக்கிறார்! மாமனார் வைத்த மரம் இங்கே விழுந்துகொண்டிருக்கிறது, மகன் அங்கே சுமடு எடுக்கிறார்.

மண்ணில் வைத்த செடிகளைத் தூக்க முடியவில்லை. மறுநாள் எட்டு மணிக்கே வெயில் அந்த முற்றத்தில் இறங்கிவிட்டது. வெள்ளைச் சேம்பு இலைகள் முதலில் சுருண்டன. மூன்றாம் நாள் ஓரமெல்லாம் வறுத்த அப்பளம் மாதிரி. அவள் பழைய சேலைகளைக் கட்டி மறைத்துப் பார்த்தாள், காற்று அவிழ்த்துவிட்டது. நான் மாடியில் நின்று பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த வயதில் பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது? மூன்று நாள் நல்ல சந்தோஷம். நாலாம் நாள்தான் என் அடுக்களை சுட ஆரம்பித்ததைக் கவனித்தேன். காலையில் அவளுக்கு நிழல் கொடுத்த மரம் சாயங்காலம் எனக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. மூன்று மணிக்கு மேல் மேற்கு வெயில் நேராக அடுப்படிக்கு வந்து நின்றது. இத்தனை வருடம் கணக்கு எடுத்தவளுக்கு இந்தக் கணக்கு தெரியவில்லை.

அன்றைக்குத்தான் அவள் எங்கள் கேட்டைத் தட்டினாள். வீட்டுக்குள் வைத்த தொட்டிகள் மூச்சு முட்டுகின்றன, வடக்குச் சந்தில் வைத்துக்கொள்ளட்டுமா என்றாள். மரத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. முகத்தில் தேடினேன், அங்கேயும் இல்லை. திட்டியிருந்தால் கதவைச் சாத்தியிருப்பேன். சரி என்றேன், வேறு என்ன சொல்ல?

சந்தைத் துப்புரவாக்க இரண்டு நாள் ஆனது. கக்கூஸ் பீங்கானை மட்டும் அவள் வெளியே போட விடவில்லை, அதிலும் மண் போட்டு ஒரு செடி வைத்தாள். பத்து நாளில் சந்து வேறு இடமாகிவிட்டது. இத்தனை வருடம் மாடியிலிருந்து திருட்டுத்தனமாகப் பார்த்தது இப்போது என் வீட்டிலேயே இருந்தது, ஆனால் என்னுடையதாக இல்லை. வருகிறவர்கள் எங்கள் கேட்டைத் திறந்து, எங்கள் முற்றத்தில் நடந்து, அவளைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். நான் அவர்களுக்குச் சாயா போட்டுக் கொடுத்தேன். அவள் தினமும் வருவாள், நாற்காலியைப் போட்டு உட்காருவாள். நானும் எனக்கொரு நாற்காலி போட்டுக்கொண்டேன். சிநேகம் என்று சொல்ல மாட்டேன். கோலியஸ் பூவைக் கிள்ள நகத்தை எப்படி வைக்க வேண்டும் என்று பார்த்து வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். மூன்று வருடம் இப்படிப் போனது. அந்த மூன்று வருடத்தில் நூறு தடவையாவது சொல்ல வாயெடுத்தேன், மரத்தை ஏன் வெட்டினேன் என்று. ஒவ்வொரு தடவையும் வேறு ஏதோ பேசினேன்.

பிறகு அவள் மகன் வடசேரிக்குப் பக்கத்தில் மூன்றாவது மாடியில் ஒரு ஃப்ளாட் வாங்கினான். வீட்டை விற்றார்கள். செடிகளை எப்போது எடுக்கப் போகிறாய் என்று கேட்டேன். அங்கே மூன்று பக்கமும் வெயில், இதுகளுக்கு ஆகாது, இங்கேயே இருக்கட்டும் என்றாள். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

போகிற அன்று ஒரு பெயின்ட் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே இடுப்பளவுக்கு ஒரு கன்று. அயனி.

"உங்களுக்க மரத்துக்க பிள்ளையாக்கும் டீச்சர். வெட்டின வருசம் எனக்க தொட்டியில மொளச்சுது. பிடுங்க மனசு வரல."

வாளியை வைத்தாள். மதிலோரம் நடந்து போய்ப் பார்த்தாள். எதையோ தேடி ஒரு கல்லை எடுத்து ஒரு இடத்தில் வைத்தாள்.

"கம்பி தெக்கயாக்கும் போகுது. இத மேக்க, இங்கண வச்சா ஒண்ணும் பேடிக்காண்டாம்" என்றாள்.

பயப்பட என்ன இருக்கிறது? ரோட்டோரம் தெற்கே போகிறது கரன்ட் கம்பி. மேற்கு மதிலோரம் நின்ற மரம் வேரோடு சாய்ந்தாலும் அதைத் தொடாது. அவளுக்கு அது முதல் நாளே தெரியும். எந்த நேரத்தில் எந்த நிழல் எங்கே விழும் என்று கல் வைத்துப் பார்க்கிறவளுக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டுதான் என் கேட்டைத் தட்டினாள், தெரிந்துகொண்டுதான் மூன்று வருடம் என் சாயாவைக் குடித்தாள். வெயில் பலமாக இருக்கிறது, மோர் குடிக்கிறாயா என்று கேட்டேன். குடித்தாள். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

இப்போது சனிக்கிழமை தோறும் பீடத்துக்கு இலை நான்தான் கொண்டுபோகிறேன். போதகர் மாறிவிட்டார். புதியவர் டீச்சரம்மாவின் கைராசி என்று ஆராதனையில் சொன்னார். நான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். தாழ்மை என்று நினைத்திருப்பார்கள்.

கன்றைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேனே. அவள் போன அன்று சாயங்காலம் இவர் கல் இருந்த இடத்தில் குழி வெட்டப் போனார். அங்கே வேண்டாம், இரண்டடி தள்ளி வெட்டுங்கள் என்றேன். ஏன் என்றார். என் வீடு, என் மண், எங்கே வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா என்றேன். இரண்டடி தள்ளியே வைத்தார், தண்ணீர் ஊற்றினார். மறுநாள் காலையில் இவர் பால் வாங்கப் போனதும் நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். முட்டுவலியோடு உட்கார்ந்து, வேர் அறுபடாமல் மண்ணோடு பெயர்த்து, கல் இருந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்து மிதித்துவிட்டேன். இவர் திரும்பி வந்து பார்த்தார். இடம் நான் பார்த்து வைத்தது என்றேன்.

இவர் கேட்பதற்கு முன்னாலேயே அந்தக் கல்லை எடுத்து மதிலுக்கு மேற்கே எறிந்திருந்தேன்.